சுவருக்கு அப்பால் ஒரு நீலத் தார்ப்பாய்

வீடும் அக்கம்பக்கமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பெங்களூருவின் கிழக்குப் பகுதியில் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் (மனையில்) வீடு கட்டி 22 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கன்னடர். அவரும் ஓய்வு பெற்றவரே. அவருடையது அறுபதுக்கு நாற்பது சைட் என்பதால், அவர் வீட்டுக்கும் எங்கள் காம்பவுண்டு சுவருக்கும் இடையில் இருபதடி திறந்த இடம் இருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளாக அந்த இடத்தில் பழைய டயர்களுக்கு மஞ்சளும் ரோஜா நிறமும் அடித்து அடுக்கிச் செடி வைத்திருக்கிறார். வீட்டைப் புதுப்பித்தபோது கழற்றிய இரண்டு கம்மோடுகளில் கற்றாழை வளர்க்கிறார். ஒற்றைக் காலில் நிற்கும் சிமென்ட் கொக்கு ஒன்றும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் சுவரை ஒட்டியே இரும்புக் குழாய்களை நட்டு நீலத் தார்ப்பாய் போட்ட கொட்டகை ஒன்றை அமைத்திருக்கிறார். மழை பெய்தால் அதன் தண்ணீர் எங்கள் பக்கம் கொட்டுகிறது. பூஜை அறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே கம்மோடு தெரிகிறது என்று என் மனைவி அதைத் திறப்பதையே விட்டுவிட்டார். ஒருமுறை சாடையாகச் சொன்னதற்கு, ‘என் இடம், என் செடி’ என்று பதில் வந்தது. வரும் தை மாதம் மகளின் நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே நடத்த இருக்கிறோம். பத்தடிக்குச் சுவர் எழுப்பலாமா, மாநகராட்சியில் புகார் கொடுக்கலாமா, அல்லது பொறுத்துக்கொள்வது ஒன்றுதான் வழியா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: பூஜை அறைக்கு எதிரே கம்மோடு என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் தினமும் விளக்கேற்றும் நேரத்தில் அந்த ஜன்னலை மூடி வைக்க வேண்டியிருக்கும் உங்கள் மனைவியாருக்கு அது சிரிப்புக்குரிய விஷயமன்று என்பதும் புரிகிறது.

நீங்கள் எழுதிய பட்டியலை எடுத்துக்கொண்டு, எது உங்கள் கண்ணை உறுத்துகிறது, எது உங்கள் வீட்டுக்குத் தீங்கு செய்கிறது என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். டயரின் நிறம், கொக்கு, கம்மோடு என்னும் பொருள், தார்ப்பாயின் நீலம் ஆகியவை கண்ணைச் சேர்ந்தவை. தார்ப்பாயிலிருந்து உங்கள் பக்கம் கொட்டும் தண்ணீர், டயரிலும் கம்மோடிலும் தேங்கும் தண்ணீர், உங்கள் சுவரோடு ஒட்டி நட்ட குழாய்கள் ஆகியவை தீங்கைச் சேர்ந்தவை. முதல் வகைக்குச் சட்டத்தில் இடமில்லை. 1610ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆல்ட்ரெட் என்பவர், பக்கத்து நிலத்துக்காரர் தம் வீட்டை ஒட்டிப் பன்றிக் கொட்டில் கட்டிவிட்டார் என்று வழக்குத் தொடுத்தார். நாற்றத்துக்குப் பரிகாரம் உண்டு, ஆனால் நல்ல காட்சி மறைந்துபோனதற்கு வழக்கில்லை, ஏனெனில் காட்சி இன்பத்துக்குரியதே தவிர அவசியத்துக்குரியதன்று என்று அந்த வழக்கில் கூறப்பட்டது. நம் நாட்டிலும் காட்சிக்கு உரிமை இல்லை என்பதே நிலை. வெளிச்சமும் காற்றும் வேறு. ஒரு ஜன்னல் 20 ஆண்டுகள் இடையூறின்றி உரிமையோடு பெற்றுவந்த வெளிச்சத்தைப் பக்கத்துக்காரர் அடைத்தால் கேள்வி கேட்கலாம். உங்களுக்கு 22 ஆண்டுகள் ஆகிவிட்டன என்றாலும், தாழ்வான கொட்டகை உங்கள் வெளிச்சத்தை அடைப்பதாக நீங்கள் எழுதவில்லை. மாறாக, நீங்கள் கேட்கும் பத்தடிச் சுவர்தான் அதை அடைக்கும்.

அந்தச் சுவர் வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. தேசியக் கட்டடக் கோவை காம்பவுண்டு சுவருக்கு 1.5 மீட்டரைப் பொதுவான வரம்பாகக் கூறி, மேற்பகுதியில் 0.9 மீட்டர் திறந்த வேலைப்பாடாக இருந்தால் மட்டும் 2.4 மீட்டர் வரை இடம் தருகிறது. பத்தடி என்பது மூன்று மீட்டருக்கும் மேல். நம் ஊரில் காம்பவுண்டு சுவர்கள் பெரும்பாலும் நான்கு அங்குல அல்லது ஆறு அங்குல சிமென்ட் கல்லில் ஆழமில்லாத அடித்தளத்தின் மீது எழுப்பப்பட்டவை என்பதால், அதன் தலையில் இன்னும் ஐந்தடியை ஏற்றினால் ஒரு பெருங்காற்று நாளில் அது யார் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, ‘எங்கள் சுவர்’ என்று எழுதுகிறீர்களே தவிர, பத்திரப்படி அது உங்களுடையதா, அவருடையதா, இருவருக்கும் பொதுவா என்பதை நீங்கள் எழுதவில்லை. கிரயப் பத்திரத்தோடு உள்ள அளவுப் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதில் ஓர் ஆணியையேனும் அடிக்க வேண்டும்.

உண்மையில் உங்களுக்குப் பத்தடி தேவையே இல்லை. ஒரு காகிதத்தில் கோடு போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தளம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருப்பதாகவும், நிற்பவரின் கண் தளத்திலிருந்து ஐந்தடியில் இருப்பதாகவும் கொண்டால், கண் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருக்கிறது. ஜன்னலுக்கு இரண்டடி உள்ளே நிற்கிறீர்கள், வெளியே செட்பேக் (வீட்டுக்கும் சுவருக்கும் இடையில் விட்ட இடம்) மூன்றடி என்றால், கண்ணுக்கும் சுவருக்கும் ஐந்தடி தூரம். சுவர் ஐந்தடி உயரம் என்றால், சுவரின் விளிம்பைத் தொட்டுச் செல்லும் பார்வை அவர் பக்கம் பன்னிரண்டரை அடி தள்ளித்தான் தரையைத் தொடும். ஆனால் நான்கடி உயரமுள்ள பொருள் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளியிருந்தாலே அதன் தலை தெரியத் தொடங்கிவிடும். அடுக்கிய டயரும் கொட்டகையும் தெரிவது இதனால்தான். சுவருக்கு மேல் இரண்டடிக்கு ஒரு தடுப்பு வந்தால் அது உங்கள் கண் மட்டத்துக்கு வந்துவிடுகிறது; அதற்குப் பிறகு ஏழடிக்குக் கீழுள்ள எதுவும் உங்களுக்குத் தெரியாது. பூஜை அறையில் மனைவியார் தரையில் அமர்ந்து பூஜை செய்பவர் என்றால் அதுகூட வேண்டியிராது. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மங்கல் கண்ணாடி மாற்றினால் போதும். ஒரு நாள் வேலை.

மாடியிலிருந்தும் அந்த இடம் தெரிகிறதென்றால் கணக்கு தலைகீழாகிவிடும். கண் பதினேழடி உயரத்துக்குப் போய்விடுவதால், அவருடைய இருபதடியையும் மறைக்கச் சுவர் ஏறத்தாழ பதினான்கு அடி உயர வேண்டும், அது நடக்காத காரியம். அதே வேலையை பால்கனிக் கைப்பிடியை ஒட்டி வைத்த நான்கடி உயரச் செடி வரிசை செய்துவிடும். மறைப்பு எப்போதும் பார்க்கப்படும் பொருளுக்கு அருகில் இருப்பதைவிடப் பார்ப்பவருக்கு அருகில் இருந்தால் சிறியதாகவே போதும். இதை அறியாமல் சுவருக்குச் செலவழித்துவிட்டு மாடியில் நின்று ஏமாந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

கீழ்த்தளத்துக்கு, சுவரைத் தொடாமல் உங்கள் செட்பேக்கிலேயே இரும்புக் கம்பங்களை நட்டு, ஏழடி உயரத்துக்குக் கம்பி வலை கட்டி, அதில் கொடி ஏற்றுங்கள். பெங்களூருவின் பல மாடிகளிலிருந்து பச்சைத் திரைபோல் தொங்கும் கர்ட்டன் கிரீப்பர் எல்லா நர்சரிகளிலும் கிடைக்கிறது. பூ வேண்டுமென்றால் ரங்கூன் மல்லி வைக்கலாம், ஆனால் அதை ஆண்டுக்கு இருமுறையாவது வெட்டிவிடாவிட்டால் அது பக்கத்து வீட்டுக்குள் போய்விடும், அப்போது கேள்விக் கடிதம் அவரிடமிருந்து வரும். கொடி வேண்டாமென்றால் நந்தியாவட்டையையும் செம்பருத்தியையும் தொட்டியில் வரிசையாக வைக்கலாம். ஆல், அரசு இனத்து அலங்கார மரங்களை மூன்றடி செட்பேக்கில் வைக்காதீர்கள். வேர் முதலில் சுவரையும் அடுத்து உங்கள் சம்ப்பையும் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியையும்) தேடிப் போகும். மண்ணுக்கடியில் ஓடிப் பரவும் வகை மூங்கிலும் அப்படித்தான். தைக்குள் கொடி முழுவதும் மூடிவிடாது என்பதால், அதுவரை கம்பி வலையில் மூங்கில் தட்டி கட்டி வையுங்கள்.

இனி தீங்கு செய்யும் பட்டியலுக்கு வருவோம். இதில் நீங்கள் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அது முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில். அந்த முட்டைகள் காய்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டயரின் அடியில் ஓட்டை போட்டாலும் அதன் உள்வளைவில் தண்ணீர் நிற்கும் என்பதால் அந்த வளைவு வரை மண்ணை நிரப்ப வேண்டும். கம்மோடு இன்னும் மோசம். கோப்பையில் மண் போட்டுக் கற்றாழை வைத்திருந்தாலும், பின்புறமுள்ள வளைந்த குழாயின் வேலையே தண்ணீரைத் தேக்கி வைப்பதுதான். அதை மணலும் சிமென்டும் போட்டு அடைத்துவிட வேண்டும். கர்நாடக அரசு 2024ஆம் ஆண்டு டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்து, கொசு உற்பத்திக்கு இடம் கொடுக்கும் நகர்ப்புற வீடுகளுக்கு 400 ரூபாய் அபராதம் விதிக்க வழி செய்திருக்கிறது. அந்த டயர்களுக்கு அடித்த பெயின்டின் விலைகூட அதைவிட அதிகமாக இருக்கும். ஆனாலும் உங்கள் பேச்சுக்கு அது ஒரு பிடிமானம்.

பேச்சு என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். புகார் பிறகு. அல்சூரில் நாங்கள் குடியிருந்த நாட்களில் என் தாயார், உடைந்த ஊறுகாய் ஜாடிகளைக் காம்பவுண்டு சுவரின் மேல் வரிசையாக அடுக்கிப் பிரண்டை வளர்த்தார். பார்க்கச் சகிக்காது என்பது எங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டம்மாள் ஒருநாள் கூட அதை அசிங்கம் என்று சொன்னதில்லை. ‘அக்கா, நேற்றுக் காற்றில் ஒரு ஜாடி ஆடியது, கீழே என் பேரன் விளையாடிக்கொண்டிருந்தான்’ என்று மட்டும் ஒருநாள் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் ஜாடிகள் அத்தனையும் தரைக்கு வந்துவிட்டன. அசிங்கம் என்று சொல்லியிருந்தால் என் தாயார் இன்னும் நான்கு ஜாடிகளைத் தேடிப் பிடித்து வைத்திருப்பார்.

நீங்கள் சாடையாகச் சொன்னது எந்த வகைச் சொல் என்று எனக்குத் தெரிகிறது. அடுத்த முறை சாடை வேண்டாம். நிறம், கொக்கு, ரசனை பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். காலையில் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் வாசல் வழியாகப் போய், தார்ப்பாயின் சரிவை அவர் பக்கம் மாற்ற முடியுமா, கொட்டகையைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போட முடியுமா, கம்மோடுக் குழாயை அடைக்க நீங்களே கொத்தனாரை அழைத்து வரலாமா என்று மூன்று விஷயங்களை மட்டும் கேளுங்கள். கன்னடத்தில் பேசுவதானால் ‘நீவு’ (நீங்கள்) என்றே பேசுங்கள். தெருவில் கேட்டுக் கற்றுக்கொண்ட கன்னடத்தில் நம்மவர்கள் பலர் பெரியவர்களையும் ‘நீனு’ என்று சொல்லிவிடுவதுண்டு. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பேச்சு அந்த ஒரு சொல்லிலேயே கெட்டுவிடும். இன்னொன்றையும் கேட்கத் தோன்றுகிறது. இருபது ஆண்டுகள் சும்மா கிடந்த இடத்தில் இரண்டே ஆண்டுகளில் இத்தனையும் முளைத்திருக்கின்றன என்றால், அந்த வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்ன நடந்தது? அவர் ஓய்வு பெற்றது அப்போதுதானா, பிள்ளைகள் வெளியூர் போனார்களா? அதை அறிந்துகொண்டு போவது உங்கள் பேச்சை மாற்றும்.

இதற்குப் பிறகும் தண்ணீர் உங்கள் பக்கம் கொட்டினால், தேதியோடு புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு எழுத்து மூலம் அவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அதன் பிறகே மாநகராட்சி. 2025 செப்டம்பரிலிருந்து பழைய பெருநகர மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டதால், உங்கள் வார்டு எதில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து அனுப்ப வேண்டும். கொசு பற்றிய புகார் சுகாதாரப் பிரிவுக்கும், செட்பேக்கில் கொட்டகை என்ற புகார் பொறியியல் பிரிவுக்கும் போக வேண்டும். இரண்டாவதை அனுப்புவதற்கு முன் உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். மாடிப்படி, கார் ஷெட், துணி துவைக்கும் கல் எதுவும் உங்கள் செட்பேக்கில் இல்லையென்றால் அனுப்பலாம். முப்பதுக்கு நாற்பதில் அப்படி ஒரு வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு யோசனை. முதல் பத்திரிகைகளில் ஒன்றைத் தாம்பூலத்தோடு அவருக்குத் தம்பதியாகப் போய்க் கொடுங்கள். கொடுக்கும்போது, விருந்தினர் அதிகம், எங்கள் வீட்டில் இடம் போதாது, உங்கள் இடத்தில் ஐம்பது நாற்காலி போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். விசேஷத்துக்கு இடம் கொடுப்பவர் அதை ஒழுங்கு செய்துதான் கொடுப்பார். தார்ப்பாய் போய்ப் பந்தல் வரும். கொக்கு ஒருவேளை இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய காலி சைட்டில் ஆளுயரத்துக்குப் பார்த்தீனியம் வளர்ந்து கிடக்கிறது. போகிறவர்கள் குப்பையும் போடுகிறார்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நாங்களே கொளுத்திவிடலாமா?

– ஒரு வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: கொளுத்தக் கூடாது. தீ எங்கே நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அடுத்தவர் நிலத்தில் நெருப்பு வைத்தவர் என்ற பெயரும் உங்களுக்கே வரும். வார்டு வருவாய்ப் பிரிவில் சைட் எண்ணைக் கொடுத்துக் கட்டா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) யார் பெயரில் இருக்கிறதென்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் உரிமையாளரின் உறவினர் ஒருவரையாவது ஊரில் கண்டுபிடித்துவிடலாம். காலி சைட் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு பயம் உண்டு, அது ஆக்கிரமிப்பு. நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம், சுத்தம் செய்து கம்பி வேலி போட அனுமதி கொடுங்கள், செலவை நீங்கள் அனுப்புங்கள் என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அனுமதியை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் அவருக்கு அறிவிப்பு அனுப்பும்படி மாநகராட்சியைக் கேட்கலாம்.

பார்த்தீனியத்தை வெள்ளைப் பூ வருவதற்கு முன்பே, மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும் என்பதால், பூத்த பிறகு வெட்டுவது விதையைத் தூவிவிடுவதற்குச் சமம். தோலில் அரிப்பையும் சிலருக்கு மூச்சிரைப்பையும் உண்டாக்குவது இது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் யாரையும் இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள், கூலிக்கு வருபவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். இலைகளில் கறுப்புக் கோடு போட்ட வெளிர்நிறச் சிறு வண்டுகள் மேய்ந்துகொண்டிருந்தால் அவற்றை மருந்தடித்துக் கொல்ல வேண்டாம். மெக்சிகோவிலிருந்து தருவித்து, இந்தச் செடியைத் தின்பதற்காகவே 1984இல் நம் பெங்களூருவில் விடப்பட்ட வண்டின் வாரிசுகள் அவை. மழைக்காலத்தில் உங்கள் வேலையில் ஒரு பகுதியைச் சம்பளமில்லாமல் செய்துகொடுக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டு மாமரக் கிளை எங்கள் மாடி வரை வந்துவிட்டது. வெட்டலாமா? பழம் யாருக்கு?

– ஒரு வாசகர், கம்மனஹள்ளி, பெங்களூரு

பதில்: உங்கள் எல்லைக்குள் நீண்டிருக்கும் பகுதியை, அவர் நிலத்தில் கால் வைக்காமல் உங்கள் பக்கத்திலிருந்தே நீக்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, எல்லையைத் தாண்டி ஓர் அங்குலமும் வெட்டக் கூடாது. கையளவு தடித்த கிளை என்றால் முதலில் மாநகராட்சியின் வனப் பிரிவைக் கேளுங்கள். மரத்தையே எடுப்பதானால், 1976ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி தேவையா என்று முதலில் மர அலுவலரைக் கேட்க வேண்டும், மரத்துக்குச் சொந்தக்காரரானாலும் சரி. பழம் அவருடையதுதான். மாம்பழக் காலம் முடிந்து வெட்டுங்கள். காய் இருக்கும்போது வெட்டினால் கிளைக்கு வராத சண்டை காய்க்கு வரும்.

கேள்வி: என் நிலைமை தலைகீழ். வீட்டு முன்புறம் பழைய பெயின்ட் வாளிகளிலும் தெர்மோகோல் பெட்டிகளிலும் கீரை, தக்காளி, புதினா வளர்க்கிறேன். பக்கத்து வீட்டில் புதிதாக வந்தவர்கள், தெருவின் அழகே கெடுகிறது, வீட்டு விலை குறையும் என்கிறார்கள். எடுத்துவிட வேண்டுமா?

– ஒரு வாசகி, ஜீவன்பீமா நகர், பெங்களூரு

பதில்: எடுக்க வேண்டாம். கீரையை நீங்கள் உங்கள் இடத்தில் வளர்க்கிறீர்கள். நடைபாதையிலோ தெருவோர வடிகாலின் மேலோ ஒரு வாளியும் இல்லையென்றால் அவர்கள் உங்களைக் கேட்பதற்கு எதுவும் இல்லை. வாளியைப் பார்த்து வீட்டு விலை குறையும் என்பதை நான் நம்பவில்லை. நம் ஊரில் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் கட்டாவும் காவிரித் தண்ணீர் இணைப்பும்தான்.

ஆனால் முதல் கடிதக்காரருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். வாளிகள் பொதுச் சுவரை ஒட்டி இருந்தால் அரையடி தள்ளி வையுங்கள். தினமும் ஊற்றும் தண்ணீர் சுவரில் ஏறினால் அவர்கள் பக்கம் பெயின்ட் உரியும், அது நியாயமான புகார். ஒவ்வொரு வாளியையும் இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றினால் அடியில் தண்ணீர் தேங்காது, எலியும் ஒளியாது. அடித்தட்டு வைத்திருந்தால் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். தெர்மோகோல் பெட்டிகளை மட்டும் மாற்றிவிடச் சொல்வேன், அழகுக்காக அல்ல. நம் ஊர் வெயிலில் ஓராண்டில் அவை பொடிந்து வெள்ளை உருண்டைகளாகப் பக்கத்து வீட்டு வாசல் வரை பறக்கும். பெயின்ட் வாளிகளில் எண்ணெய்ப் பெயின்ட் இருந்தவற்றில் கீரை வளர்க்காதீர்கள். மற்றவற்றுக்கு, மனமிருந்தால், வெள்ளையடித்து மிச்சமான சுண்ணாம்பில் இரண்டு பூச்சு அடித்துவிடலாம். மனமில்லாவிட்டால் அதுவும் வேண்டாம். புதினா மட்டும் ஒரு கட்டு பறித்துக் கொடுத்துப் பாருங்கள்.